இறங்குவதும் வேலைதான்: பொக்லைனிலிருந்து விழுந்த அண்ணனுக்காகக் கேட்ட தம்பிக்கு

கல்குவாரியில் பொக்லைன் ஓட்டும் உங்கள் அண்ணன், சாயங்காலம் வேலை முடிந்து கேபினிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி விழுந்து, வலது குதிகால் எலும்பு நொறுங்கி ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலடி உயரத்துக்கு இவ்வளவு அடிபடுமா? வண்டியை நிறுத்திய பிறகு கவனமில்லாமல் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை என்று ஓனர் சொல்வது சரியா? அண்ணன் மறுபடி வண்டி ஏறுவாரா? இந்த மூன்றும்தான் உங்கள் கேள்வி.

குவாரிகளிலும் சாலைப் பணிகளிலும் இருபது வருடத்துக்கு மேல் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன் நான். இதே கேள்விகளைப் பல வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நடுவில் இருக்கும் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டும் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

ஓனர் சொல்வது தவறு. வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேர்ந்த விபத்தில் காயம் பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இன்றுவரை இருக்கும் விதி. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. அடிப்படை மாறவில்லை. லீவரைப் பிடித்திருக்கும் நேரம் மட்டும்தான் வேலை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கேபினுக்குள் ஏறாமல் மண் அள்ள முடியாது. இறங்காமல் சாப்பிடவோ, டீசல் ஊற்றவோ, கிரீஸ் வைக்கவோ, வீட்டுக்குப் போகவோ முடியாது. ஆக, இறங்குவதும் வேலைதான். இதை ஓனரிடம் சண்டை போடாமல், ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

"கவனக்குறைவு" என்ற வார்த்தையைக் கேட்டுத்தான் பல குடும்பங்கள் பின்வாங்கிவிடுகின்றன. முதலாளி தப்பிக்கச் சட்டம் விட்டுவைத்த வழிகள் மூன்றே மூன்று. விபத்து நடந்தபோது தொழிலாளி குடித்திருந்தோ போதையிலோ இருந்து, அதனாலேயே விபத்து நேர்ந்திருக்க வேண்டும். அல்லது, பாதுகாப்புக்காக வெளிப்படையாகச் சொல்லப்பட்ட உத்தரவை அவர் வேண்டுமென்றே மீறியிருக்க வேண்டும். அல்லது, பாதுகாப்புக்காக வைத்த சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியிருக்க வேண்டும். அசந்துவிட்டார், பார்த்து இறங்கவில்லை, அவசரப்பட்டார் என்பதெல்லாம் இந்த மூன்றில் எதிலும் சேராது. மரணமோ முழுமையான நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இந்த மூன்றைக்கூட முதலாளி சொல்ல முடியாது.

இன்றே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எழுதும் விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், எப்படி அடிபட்டது என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "பைக்கில் விழுந்துவிட்டேன் என்று சொல்லு, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வண்டிக்காரர்கள் சொல்வதும், வலியில் துடிப்பவர் அப்படியே சொல்லிவிடுவதும் எனக்குத் தெரிந்து பல தடவை நடந்திருக்கிறது. முதல் நாள் பேப்பரில் ஏறிய அந்த ஒரு வரியை மாற்றப் பிறகு வருடக்கணக்காக அலைய வேண்டியிருக்கும். குவாரியில், பொக்லைனிலிருந்து இறங்கும்போது, இன்ன தேதி, இன்ன நேரம் என்று பதிவாகியிருக்க வேண்டும். அடுத்து, வண்டியின் படியையும் கைப்பிடியையும், அவர் விழுந்த தரையையும் போட்டோ எடுத்து வையுங்கள். வளைந்த படியை மறுநாளே வெல்டிங் வைத்துவிடுவார்கள். கூட இருந்த ஹெல்பர், டிப்பர் டிரைவர் பெயர்களையும் போன் நம்பர்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சம்பளத்துக்கு ஆதாரம் இன்னொரு தலைவலி. ஆபரேட்டர்களுக்கு மாதச் சம்பளம் ஒரு பக்கம், தினப் பேட்டா ஒரு பக்கம், சீட்டு எதுவும் இருக்காது. வங்கிக் கணக்கில் வந்த பணம், போனில் வந்த பணப்பரிமாற்றம், வண்டி ஓடிய மணிக்கணக்கை எழுதிய டிரிப் ஷீட் எல்லாமே சாட்சிதான்.

குவாரிகள் சுரங்கச் சட்டத்துக்குள் வந்ததால் அங்கே பெரும்பாலும் இஎஸ்ஐ இருந்ததில்லை. ஆனால் வண்டியை வாடகைக்கு விடும் நிறுவனத்தின் கணக்கிலோ, கிரஷர் கணக்கிலோ அண்ணன் பெயர் இருந்து, சம்பளத்தில் இஎஸ்ஐ பிடித்திருந்தால் கோரிக்கை அந்த வழியில்தான் போகும். வைத்தியம் இஎஸ்ஐ பொறுப்பு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். அங்கே பெயர் இல்லையென்றால் தொழிலாளர் துறையில் இருக்கும் இழப்பீட்டு ஆணையரிடம் மனு. வண்டி ஒருவருடையது, குவாரி குத்தகை இன்னொருவருடையது என்றால் இருவரையும் மனுவில் சேருங்கள். காண்ட்ராக்டர் மூலம் வேலை வாங்கிய முதன்மை முதலாளிக்கும் பொறுப்பு உண்டு. வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியில் ஊதியம் பெறும் ஓட்டுநருக்கான சட்டப் பொறுப்பும் சேர்ந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். சேர்ந்திருந்தால் பணம் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. இது தெரியாமலேயே பயந்துபோய்ப் பொய் சொல்லச் சொல்லும் ஓனர்கள் நிறைய. தெரிந்ததும் பல பேர் இறங்கிவந்து பேசியிருக்கிறார்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். அண்ணன் எவ்வளவு வாங்கினாலும், 2020 ஜனவரியில் அறிவித்தபடி கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். 35 வயதுக்கான காரணி 197.06. அப்படியானால் 9,000 பெருக்கல் 197.06, அதாவது 17,73,540 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் மதிப்பிட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்கு, 3,54,708 ரூபாய். வைத்தியச் செலவு இதற்கு மேல் தனி, ஆகையால் பில்களை ஒன்றுவிடாமல் வைத்திருங்கள். இதில் கவனிக்க வேண்டிய சொல் "சம்பாதிக்கும் திறன்". காலில் எத்தனை சதவீதம் ஊனம் என்பது வேறு, அந்தக் காலை வைத்துக்கொண்டு அவருடைய தொழிலை அவர் செய்ய முடியுமா என்பது வேறு. இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவருக்கு முழு ஊனத்துக்கான இழப்பீடே தர வேண்டும் என்றும், விபத்து நடந்த நாளிலிருந்தே அந்தக் கடமை தொடங்கிவிடுகிறது என்றும் 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆணையர் முன்னால் பேசும் வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு, கால் ஆறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. எலும்பு முறிவைக் கடுமையான உடற்காயம் என்றே 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் வரையறுத்தது. அப்படிப்பட்ட காயத்தைச் சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தெரிவிப்பது குவாரி நடத்துபவரின் கடமை. "சும்மா கால் பிசகிவிட்டது" என்று முடித்துவிட முடியாது.

இனி உங்கள் முதல் கேள்வி. நாலடி என்றால் 1.2 மீட்டர். அந்த உயரத்திலிருந்து தரையைத் தொட அரை வினாடி ஆகிறது, தொடும்போது வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர். ஊருக்குள் சைக்கிளை வேகமாக மிதிப்பவரின் வேகம் அது. அந்த வேகத்தில் வந்து சுவரில் குதிகாலால் மோதுவதாக நினைத்துப்பாருங்கள். எந்தத் தூரத்துக்குள் உடம்பு நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எதிர்பார்த்துக் குதிக்கும் சின்னப் பையன் முன்பாதத்தில் இறங்கி, முழங்காலை மடக்கி, குத்தவைத்து உட்கார்ந்துவிடுகிறான். ஒன்றரை அடித் தூரத்துக்கு வேகம் பரவிக் கரைகிறது. உங்கள் அண்ணன் எதிர்பார்க்கவில்லை. கால் விறைத்தபடி, குதிகால் முதலில், கருங்கல்லின் மேல். செருப்பும் குதிகால் சதையும் அமுங்கும் தூரம் இரண்டு மூன்று சென்டிமீட்டர். முழு உடம்பும் 3 சென்டிமீட்டருக்குள் நின்றால் சராசரி விசை உடல் எடையைப்போல் நாற்பது மடங்கு வரும், 70 கிலோ ஆளுக்கு 2.8 டன். உண்மையில் முழங்காலும் இடுப்பும் மடங்கி ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும் என்பதால் அவ்வளவும் குதிகாலில் இறங்காது. ஆனால் அதில் கால்வாசி ஒற்றைக் காலில் இறங்கினாலே போதும்.

குதிகால் எலும்பு அப்படிப்பட்ட அடிக்கு ஏற்றதல்ல. வெளியே மெல்லிய ஓடு, உள்ளே பஞ்சுபோன்ற எலும்பு. அதற்கு மேல் உட்கார்ந்திருக்கும் கணுக்கால் எலும்பு, விழும் வேகத்தில் ஆப்புபோல் கீழே இறங்கி அதைப் பிளக்கிறது. பிளவு பெரும்பாலும் இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள மூட்டுக்குள் போய்விடும். மேடுபள்ளத்தில் பாதம் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாய்ந்துகொடுப்பது அந்த மூட்டால்தான். ஆகவே சி.டி. ஸ்கேன் எடுத்து மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஆபரேஷனா, கட்டா என்று முடிவெடுப்பார்கள். வீட்டுப் பெரியவர்கள் கட்டுப்போடும் வைத்தியரிடம் போகலாம் என்று சொல்லியிருப்பார்கள். கை எலும்பில் நேராக விழுந்த ஒரு கோட்டுக்கு அவர்கள் கட்டிய கட்டு சேர்ந்ததை நானும் பார்த்திருக்கிறேன். மூட்டுக்குள் நொறுங்கியது அப்படிப்பட்டதல்ல. எண்ணெய் போட்டு நீவிவிடவே கூடாது.

ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளிவைத்தால் டாக்டர் அலட்சியப்படுத்துகிறார் என்று நினைக்காதீர்கள். குதிகாலைச் சுற்றிச் சதை குறைவு, வீங்கிய தோலைக் கீறினால் காயம் ஆறாமல் சீழ் பிடித்துவிடும். வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் தெரியும்வரை ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்திருப்பது வழக்கம். அதுவரை காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கிவைத்திருப்பதுதான் மருந்து. அண்ணனுக்குப் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த மூன்று மாதமாவது நிறுத்தச் சொல்லுங்கள், தோலும் எலும்பும் சேர்வதை அது நிச்சயமாகத் தாமதப்படுத்தும். வலி மாத்திரைக்குக் கட்டுப்படாமல் ஏறிக்கொண்டே போனாலோ, கால்விரல்கள் மரத்தாலோ, விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இன்னும் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: இடுப்பில், நடுமுதுகில் வலி இருக்கிறதா? குதிகாலில் தொடங்கிய அடி நேராக முதுகெலும்புக்கு ஏறும். குதிகால் உடைந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இடுப்பு முள்ளெலும்பிலும் முறிவு இருக்கும். கால் வலியில் முதுகு வலி அமுங்கிப்போய், மூன்று வாரம் கழித்து உட்காரவைக்கும்போதுதான் தெரியவந்த கதைகள் உண்டு. முதுகுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

ஆபரேட்டர்கள் ஏறும்போது விழுவது குறைவு, இறங்கும்போதுதான் விழுகிறார்கள். ஏறும்போது கண் முன்னால் போகிறது, கை பிடிக்கும் இடம் தெரிகிறது, உடம்பு புதிதாக இருக்கிறது. இறங்கும்போது கால் குருடாகத் துழாவுகிறது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் அதிர்ந்துகொண்டிருந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்தவரின் கால் மரத்திருக்கும், பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சரியாகத் தெரியாது. ஏசி கேபினிலிருந்து வெயிலுக்கு வந்தால் கண் கூசும், சாயங்காலமென்றால் வண்டியின் நிழல் படியை மூடியிருக்கும். காலையிலிருந்து அடக்கிவைத்த மூத்திரம், பசி, வீட்டிலிருந்து வந்த போன். இத்தனையும் சேரும் ஒரு நிமிடத்தில்தான் அவர் கதவைத் திறக்கிறார். அதனால்தான் "பார்த்து இறங்கு" என்ற ஒரு வாக்கியத்தைப் பாதுகாப்புப் பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

நான் விசாரித்த விபத்துகளில் அடிக்கடி பார்த்த காரணம் ஒன்று உண்டு, அதை யாரும் காரணமாக எழுதுவதே இல்லை. பொக்லைனில் மேல்பகுதி சுழலும், செயின் இருக்கும் கீழ்ப்பகுதி அப்படியே நிற்கும். கால் வைக்கும் படி கீழ்ப்பகுதியில் இருக்கிறது, கதவு மேல்பகுதியில் இருக்கிறது. கேபின் செயினுக்கு நேராக நின்றால் கதவுக்குக் கீழே படி வரும். கடைசி பக்கெட்டை டிப்பரில் கொட்டிவிட்டு, கேபின் குறுக்காகத் திரும்பி நிற்கும்போதே எஞ்சினை அணைத்தால் கதவுக்குக் கீழே படி இருக்காது. வெறும் காற்று இருக்கும், இல்லாவிட்டால் சேறு அப்பிய செயின் ஷூ, அதாவது செயினின் இரும்புத் தகடு இருக்கும். தினமும் இருக்கும் இடத்தில் படி இருக்கும் என்று நம்பிக் கால் போகிறது. உங்கள் அண்ணன் விழுந்தபோது வண்டி எப்படி நின்றது என்று அவரிடம் மெதுவாகக் கேட்டுப்பாருங்கள். சமதரையில், கேபினைச் செயினுக்கு நேராகத் திருப்பி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, பாதுகாப்பு லீவரைப் போட்டுவிட்டு இறங்குவதுதான் முறை. அந்த லீவரைப் போடாமல் எழுந்தால் சட்டையோ டிபன் பையோ ஜாய்ஸ்டிக்கில் மாட்டி வண்டியே அசையும். இறங்குபவரை அது தூக்கி எறிந்துவிடும்.

அடுத்தது படி. குவாரிக் கல்லில் உரசி உரசி முதலில் வளைவது செயின் சட்டத்தில் இருக்கும் அந்தக் கீழ்ப் படிதான். வளைந்தால் பாதி மாதம் அப்படியே ஓடும். அறுந்தால் ஒரு முறுக்குக் கம்பியை வளைத்து வெல்டிங் வைத்துவிடுவார்கள். உருண்டைக் கம்பியில் பாதத்துக்குப் பிடி கிடையாது, கிரீஸ் பட்ட செருப்போடு வைத்தால் உருளும். கம்பெனி கொடுக்கும் படியில் பல் பல்லாக வெட்டியிருப்பதும், பாதம் பாதியாவது உள்ளே போகும் ஆழம் இருப்பதும் காரணமில்லாமல் இல்லை. மண் வாரும் எந்திரங்களில் ஏறி இறங்கும் வழி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 2867 என்ற சர்வதேசத் தர அளவு இருக்கிறது. தரையிலிருந்து முதல் படி எவ்வளவு உயரம் இருக்கலாம், கைப்பிடி எங்கே வர வேண்டும் என்பதெல்லாம் அதில் அடங்கும். வண்டி ஆலையை விட்டு வரும்போது அந்த அளவில்தான் வருகிறது. பராமரிப்பில்தான் அது போய்விடுகிறது. ஃபில்டரும் ஆயிலும் மாற்றத் தேதி குறித்து வைத்திருக்கும் ஓனர், படியைப் பராமரிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. படியும் எந்திரத்தின் ஓர் உறுப்பு, பிரேக் மாதிரி.

பொக்லைன் என்பது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். நம் ஊரில் எந்தக் கம்பெனி வண்டிக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கையேட்டில் ஏறி இறங்கும் முறையைப் பற்றிச் சொல்வது ஒன்றுதான்: முகம் வண்டியைப் பார்த்து இருக்க வேண்டும், இரண்டு கை இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ஒன்றை நகர்த்தும்போது மற்ற மூன்றும் அசையக் கூடாது. பெரும்பாலானவர்கள் வீட்டு மாடிப்படியில் இறங்குவதுபோல் முதுகைக் காட்டி இறங்குகிறார்கள். அப்படி இறங்கினால் குதிகால் மட்டும் படி விளிம்பில் நிற்கும், உடல் எடை வெளியே தொங்கும், கைப்பிடி முதுகுக்குப் பின்னால் போய்விடும். வழுக்கினால் பிடிக்க ஒன்றுமில்லை. முகம் வண்டியைப் பார்த்திருந்தால் வழுக்கினாலும் கையில் தொங்கலாம். கையில் போனோ, தண்ணீர்க் கேனோ, சாப்பாட்டுத் தூக்கோ இருந்தால் நான்கில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. சாமானை ஹெல்பரிடம் கொடுக்கலாம், பைக்குள் போட்டு முதுகில் மாட்டலாம், கேபின் தரையில் வைத்துவிட்டு இறங்கிய பிறகு எட்டி எடுக்கலாம். ஜாய்ஸ்டிக்கையோ, கொக்கி மாட்டாத கதவையோ கைப்பிடியாக நினைக்கக் கூடாது. இரண்டும் நகரும்.

மோதிரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு சாலைப் பணியில், இருபத்தாறு வயது ஆபரேட்டர் கடைசிப் படியிலிருந்து குதித்தார். கல்யாண மோதிரம் கைப்பிடியின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. உடம்பு கீழே போனது, விரல் மேலே நின்றது. அந்த விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அவர் விழக்கூட இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு என் கண்ணில் படும் ஆபரேட்டர் ஒவ்வொருவரிடமும், மோதிரத்தைக் கழற்றிக் கயிற்றில் கோத்துக் கழுத்திலேயே போட்டுக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குதிப்பது என்பதே கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறேன். ஆயிரம் தடவை குதித்து ஒன்றும் ஆகாதவர், ஆயிரத்தோராவது தடவை தான் தோண்டிய குழியின் ஓரத்திலோ, உருளும் ஜல்லியின் மேலோ குதிக்கிறார்.

கடைசிக் கேள்வி, அண்ணன் மறுபடி வண்டி ஏறுவாரா? அந்தக் காலில் எடை வைக்காமல் இருக்க வேண்டிய காலமே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை போகும். அதற்குப் பிறகு நடைப் பயிற்சி. முழுதாகத் தேற ஒரு வருடம்கூட ஆகலாம். சமதரையில் நன்றாக நடப்பவருக்கும் ஜல்லியிலும் சரிவிலும் வலி தங்கிவிடலாம், அந்த மூட்டு இறுகிப்போவதால். டாக்டர் சொல்வதற்கு முன்னால், பேட்டா போகிறதே என்று எழுந்து நடந்தால், சேர்ந்துகொண்டிருக்கும் எலும்பு அமுங்கிவிடும். அதனால் வீட்டுச் செலவுக்கு இந்த மூன்று நான்கு மாதம் என்ன செய்வது என்பதை இப்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் அவர் பதிவு செய்திருந்தால் விபத்து உதவிக்கு அங்கேயும் மனு கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

வண்டி ஓட்டுவதைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை இருக்கிறது. பொக்லைனில் பெரும்பாலான வேலை கையில், வண்டியை நகர்த்தும் பெடலைக்கூட லீவரால் இயக்கலாம். இதே குதிகால் முறிவோடு திரும்பி வந்து வருடக்கணக்கில் ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சிரமம் சீட்டில் இல்லை, படியில்தான்.

எனவே அவர் திரும்புவதற்கு முன்னால் நீங்கள் ஒரு நாள் போய் அந்த வண்டியைப் பாருங்கள். தரையிலிருந்து முதல் படி முழங்காலுக்கு மேலே போகாமல் இருக்கிறதா, தரையில் நின்றபடியே கைப்பிடி எட்டுகிறதா, படி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி படியை வாங்கி மாட்டித் தரச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள், ஒரு பக்கெட் பல் செட் மாற்றுவதைவிடச் சின்ன வேலைதான் அது. ரப்பர் செருப்பை விட்டுவிட்டு, கணுக்காலை மூடும் ஷூ வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் உடனே எழாமல், எஞ்சின் சூடு இறங்க ஓடவிடும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும், மரத்த கால் தெளியும். ஏறும்போது நல்ல இடது கால் முதலில் மேலே போகட்டும். இறங்கும்போது அடிபட்ட வலது கால் முதலில் கீழே வரட்டும், அப்போது உடம்பின் எடையை மேல் படியில் இருக்கும் இடது காலும் இரண்டு கையும் பிடித்து இறக்கும். முதல் வாரம் ஹெல்பரைக் கீழே நின்று "அண்ணே, படி இங்கே இருக்கு" என்று சொல்லச் சொல்லுங்கள்.